அமளிக்கு நடுவே மசோதா நிறைவேறுவது எப்படி? அந்தச் சட்டம் செல்லுமா?

"நாடாளுமன்றம் முடங்கியது என்று தினமும் தலைப்புச் செய்தி வருகிறது. அதே செய்தியின் கடைசி வரியில் இன்று மூன்று மசோதாக்கள் நிறைவேறின என்றும் வருகிறது. முடங்கிய சபை எப்படிச் சட்டம் போடுகிறது? அந்தச் சட்டம் கோர்ட்டில் நிற்குமா?" இதுதான் நீங்கள் கேட்டது. கூடவே, எப்படியும் நிறைவேறிவிடும் என்று தெரிந்தும் எதிர்க்கட்சிகள் ஏன் கத்துகின்றன என்றும் கேட்டிருந்தீர்கள். உண்மையில் நீங்கள் கேட்க வருவது, இந்த அமளியால் யாருக்கு லாபம் என்பது என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். மசோதாக்களைப் படிப்பதும், உறுப்பினர்கள் கொண்டுவர விரும்பும் திருத்தங்களை எழுதித் தருவதும் பல வருடமாக என் வேலை. சபைக்குள் உட்கார்ந்தவன் இல்லை. கட்சி அலுவலக அறைகளுக்குள் நடக்கும் பேச்சுவார்த்தை பற்றி எனக்குத் தெரிவதும் உங்களுக்குத் தெரிவதும் ஏறக்குறைய ஒன்றுதான். காகிதம் எந்த வழியாக நகர்கிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்பதைத்தான் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

முதலில் நேரடியான பதில். அமளியால் சட்டமியற்றல் நிற்பதில்லை. நிற்பது கேள்வி நேரம், அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் பூஜ்ய நேரம், விவாதம், திருத்தம், தலையை எண்ணி நடத்தும் வாக்கெடுப்பு. இந்தப் பட்டியலை ஒருமுறை திரும்பப் பாருங்கள். எல்லாமே எதிர்க்கட்சியின் கையில் இருக்கும் கருவிகள். ஆட்சியில் இருப்பவருக்கு வேண்டிய ஒன்று, அதாவது மசோதா நிறைவேறுவது, எவ்வளவு சத்தத்திலும் நடந்துவிடும். கூச்சல் போடுபவரும் கூச்சலைக் கண்டிப்பவரும் இதை நன்றாக அறிந்தவர்கள்தான்.

எப்படி நடக்கிறது என்றால், அரசியல் சாசனத்தின் 100ஆவது பிரிவு கேட்பது மிகக் கொஞ்சம். வந்திருந்து வாக்களிப்பவர்களில் பெரும்பான்மை இருந்தால் போதும். சபை கூட மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கு வேண்டும். மக்களவையில் 55 பேர், மாநிலங்களவையில் 25 பேர். இதைத்தான் கோரம் என்கிறோம். அந்த 55 பேர் இருக்கிறார்களா என்று யாராவது எழுந்து கேட்டால்தான் மணி அடித்து எண்ணுவார்கள். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பல நாள் சபை நடப்பதே இந்த நாகரிகத்தில்தான்.

வாக்கெடுப்பு என்றால் பொத்தானை அழுத்தி, பலகையில் எண் தெரியும் காட்சி நினைவுக்கு வரும். அது டிவிஷன். அன்றாட வழக்கம் குரல் வாக்கெடுப்பு. ஆதரிப்போர் 'ஆம்' என்க, எதிர்ப்போர் 'இல்லை' என்க என்பார் சபாநாயகர். எந்தச் சத்தம் பெரிதாகத் தன் காதில் விழுகிறதோ, அந்தப் பக்கம் வென்றதாக அறிவிப்பார். யாராவது அதை ஏற்காமல் டிவிஷன் கேட்டால் தாழ்வாரங்களில் மணி அடித்து, கதவுகளை மூடி, எண்ண வேண்டும். மக்களவை விதி 367 அதைச் சொல்கிறது. அதே விதியில், தேவையில்லாமல் டிவிஷன் கேட்கிறார்கள் என்று சபாநாயகர் நினைத்தால் அவரவர் இடத்தில் எழுந்து நிற்கச் சொல்லித் தலையை எண்ணி முடித்துக்கொள்ளவும் இடம் உண்டு.

இப்போது அமளி நாளில் ஒரு மசோதா போகும் பாதையைப் பாருங்கள். காலையில் சபை கூடுகிறது, கோஷம், இரண்டு மணி வரை ஒத்திவைப்பு. இரண்டு மணிக்குக் கூடியதும் துறை அமைச்சர் எழுந்து மசோதாவைப் பரிசீலனைக்கு எடுக்கக் கோருகிறார். பட்டியலில் உள்ள பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படுகின்றன. ஆளுங்கட்சியிலும் தோழமைக் கட்சிகளிலும் சிலர் இரண்டிரண்டு நிமிடம் பேசுகிறார்கள். எதிர்க்கட்சி உறுப்பினர் பெயர் வரும்போது அவர் சபையின் மையப் பகுதியில் பதாகையோடு நிற்கிறார். அடுத்த பெயர். அமைச்சரின் பதில். பிறகு பிரிவுவாரியான வாக்கெடுப்பு.

என் வேலை சம்பந்தப்பட்டது என்பதால் இந்தக் கட்டத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். ஒரு உறுப்பினர் திருத்தம் கொடுக்க வேண்டுமானால் முன்கூட்டியே எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். 'பக்கம் 3, வரி 14, "செய்யலாம்" என்பதற்குப் பதில் "செய்ய வேண்டும்"' என்ற மாதிரிதான் இருக்கும். பார்க்க அற்பமாகத் தெரியும். ஆனால் அந்த ஒரு சொல்லில்தான் அதிகாரிக்கு விருப்ப அதிகாரம் இருக்கிறதா, கடமை இருக்கிறதா என்பது முடிவாகிறது. திருத்தங்கள் எண் போட்டு அச்சாகி எல்லோருக்கும் போகும். சபையில் அந்தப் பிரிவு வரும்போது, திருத்தத்தைக் கொண்டுவருகிறீர்களா என்று தலைமையில் இருப்பவர் பெயர் சொல்லிக் கேட்பார். உறுப்பினர் தன் இடத்திலிருந்து ஆம் என்றால்தான் அது சபையின் முன் வரும். அவர் கீழே நின்று கோஷம் போட்டுக்கொண்டிருந்தால் 'கொண்டுவரப்படவில்லை' என்று பதிவாகி முடிந்துவிடும். தோற்றது என்றுகூடப் பதிவாகாது. அப்புறம், பிரிவு 2 முதல் 20 வரை மசோதாவில் சேர்க்கப்பட்டன, பிரிவு 1, முகப்பு வாசகம், தலைப்பு சேர்க்கப்பட்டன, மசோதா நிறைவேறியது. சில மசோதாக்களுக்கு இந்தக் கடைசிக் கட்டம் முழுவதும் ஓரிரு நிமிடம்தான்.

இப்படி நிறைவேறிய சட்டம் செல்லுமா? செல்லும். இதில் எனக்குச் சந்தேகமில்லை. அரசியல் சாசனத்தின் 122ஆவது பிரிவு, நடைமுறையில் ஒழுங்கீனம் இருந்தது என்ற காரணத்தை வைத்து நாடாளுமன்ற நடவடிக்கைகளைக் கோர்ட் கேள்விக்கு உட்படுத்தக் கூடாது என்கிறது. விவாதம் போதவில்லை, அவசரமாக முடித்தார்கள், உறுப்பினர் பேச அனுமதிக்கப்படவில்லை என்று வழக்குப் போட்டுச் சட்டத்தை ரத்து செய்ய முடியாது. 2014 பிப்ரவரி 18 அன்று ஆந்திரப் பிரதேச மறுசீரமைப்பு மசோதா மக்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியபோது நேரடி ஒளிபரப்பே நின்றுபோயிருந்தது. ஐந்து நாள் முன்பு, 13ஆம் தேதி, அதே சபையில் ஒரு உறுப்பினர் மிளகு ஸ்பிரே அடித்திருந்தார். வழக்குகள் போடப்பட்டன. ஆனாலும் அந்த ஆண்டு ஜூன் 2ஆம் தேதி தெலங்கானா பிறந்துவிட்டது.

அதற்காக 122ஆவது பிரிவை ஊடுருவ முடியாத சுவர் என்று நினைத்துவிட வேண்டாம். கேள்வி கேட்கப் பணம் வாங்கியதாக 2005 டிசம்பரில் நீக்கப்பட்ட உறுப்பினர்கள் தொடுத்த ராஜாராம் பால் வழக்கில் 2007இல் சுப்ரீம் கோர்ட் ஒரு கோடு போட்டது. நடைமுறை ஒழுங்கீனத்துக்குப் பாதுகாப்பு உண்டு, சட்டமீறலுக்கும் சாசன மீறலுக்கும் இல்லை என்றது. நீக்கம் சரிதான் என்பது அந்தத் தீர்ப்பின் முடிவு, ஆனால் பின்னால் வந்தவர்கள் பிடித்துக்கொண்டது இந்தக் கோட்டைத்தான். மகாராஷ்டிர சட்டமன்றத்தில் 12 பா.ஜ.க. உறுப்பினர்களை 2021 ஜூலையில் ஓராண்டுக்கு சஸ்பெண்ட் செய்தார்கள். நடப்புக் கூட்டத்தொடரைத் தாண்டிய இடைநீக்கம் சாசனத்துக்கு விரோதம் என்று 2022 ஜனவரி 28 அன்று சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. வரி, அரசுச் செலவு போன்றவை மட்டும் கொண்ட பண மசோதா விஷயத்திலும் இப்படித்தான். ஒரு மசோதா பண மசோதாவா என்பதில் சபாநாயகர் முடிவே இறுதி என்று 110ஆவது பிரிவு சொல்கிறது. அப்படி முத்திரை விழுந்துவிட்டால் மாநிலங்களவை பரிந்துரை மட்டுமே செய்ய முடியும், 14 நாளில் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த வழியில் போன ஆதார் சட்டத்தை 2018இல் நான்கு நீதிபதிகள் ஏற்றார்கள், ஒருவர் மறுத்தார். 2019 நவம்பரில் ரோஜர் மாத்யூ வழக்கில் வேறொரு ஐந்து நீதிபதி அமர்வு அந்தத் தீர்ப்பின் தர்க்கத்திலேயே ஐயம் எழுப்பி, கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது.

சந்தேகமான பகுதி இனிதான் வருகிறது. ஒரு உறுப்பினர் முறைப்படி டிவிஷன் கேட்கிறார், தலைமையில் இருப்பவர் தராமல் குரல் வாக்கெடுப்பிலேயே முடித்துவிடுகிறார் என்று வையுங்கள். அது வெறும் ஒழுங்கீனமா, சாசன மீறலா? வந்திருந்து வாக்களித்தவர்களில் பெரும்பான்மை என்பது சாசனமே கேட்கும் நிபந்தனை. எண்ண மறுத்தால் அந்த நிபந்தனை நிறைவேறியது என்று யார் சொல்வது? என் கணிப்பில் இது ஒழுங்கீனத்தைத் தாண்டியது. ஆனால் இது என் கணிப்புதான். இதைத் தீர்த்துவைக்கத் தோதாக இருந்த விவகாரம், கோர்ட் முடிவு சொல்லும் முன்பே தன் பாட்டில் அணைந்துவிட்டது.

வேளாண் சட்டங்களைச் சொல்கிறேன். 2020 ஜூன் 5 அன்று அவசரச் சட்டங்களாக வந்தவை. செப்டம்பரில் மசோதாக்களாகி மக்களவையைத் தாண்டி, 20ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, அவற்றில் இரண்டு மாநிலங்களவைக்கு வந்தன. கொரோனா காலம் என்பதால் உறுப்பினர்கள் இரண்டு சபைக் கூடங்களிலும் மாடங்களிலுமாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள். மதியம் ஒரு மணியோடு சபை முடிய வேண்டும். ஒரு மணி ஆனபோது அமைச்சரின் பதில் முடியவில்லை. மறுநாளைக்குத் தள்ளிவைக்கலாம் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. தலைமையில் இருந்த துணைத் தலைவர் ஹரிவன்ஷ் நேரத்தை நீட்டித்தார். மசோதாக்களை ஆராய, உறுப்பினர்கள் சிலரைக் கொண்ட தெரிவுக்குழுவுக்கு அனுப்பக் கோரும் தீர்மானத்தை தி.மு.க.வின் திருச்சி சிவாவும், அவசரச் சட்டங்களை நிராகரிக்கும் தீர்மானத்தை மார்க்சிஸ்ட் கட்சியின் கே.கே. ராகேஷும் கொடுத்திருந்தார்கள். இருவரும் டிவிஷன் கேட்டார்கள். கிடைக்கவில்லை. எல்லாமே குரல் வாக்கெடுப்பில் முடிந்தது. மறுநாள் எட்டு உறுப்பினர்கள் சஸ்பெண்ட். அந்த மாதமே குடியரசுத் தலைவர் ஒப்புதல்.

டிவிஷன் கேட்டவர்கள் தங்கள் இடத்தில் இல்லை என்பது அரசுத் தரப்பின் முதல் விளக்கம். சில நாளில் ஒரு பத்திரிகை, ராஜ்யசபா டிவி பதிவை நிமிடவாரியாகப் பார்த்து, அவர்கள் இருக்கையில் இருந்தபடியே கேட்டது தெரிகிறது என்று எழுதியது. அதற்கு ஹரிவன்ஷ் தந்த பதில் முக்கியமானது. டிவிஷனுக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு, ஒன்று கோரிக்கை, இன்னொன்று சபையில் ஒழுங்கு என்றார். ஒழுங்கு இல்லாத சபையில் கதவை மூடி எண்ண முடியாது என்பது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் எண்ண முடியாத அளவுக்குக் கலைந்து கிடக்கும் சபையில், எந்தக் குரல் பெரிது என்று காதால் கேட்டுச் சொல்வது மட்டும் எப்படி முடிகிறது? இதற்கு எந்தத் தரப்பிடமிருந்தும் எனக்குத் திருப்தியான பதில் கிடைத்ததில்லை. அன்று எண்ணியிருந்தால் அரசு வென்றிருக்குமா என்பதை இப்போது ஊகிக்கத்தான் முடியும். கோர்ட் 2021 ஜனவரி 12 அன்று சட்டங்களை நிறுத்திவைத்தது. அந்த ஆண்டு நவம்பர் 29இல் நாடாளுமன்றமே ரத்து செய்தது. அந்த ரத்து மசோதாவும் இரண்டு சபைகளிலும் விவாதமே இல்லாமல் ஒரே நாளில் நிறைவேறியது. விவாதம் வேண்டும் என்று அன்றும் எதிர்க்கட்சிகள் கேட்டன.

ஒழுங்கு என்ற நிபந்தனை எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் 2018 மார்ச்சில் இருக்கிறது. காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு அ.தி.மு.க. உறுப்பினர்கள் மக்களவையின் மையப் பகுதியில் நின்ற நாட்கள் அவை. தெலங்கானா ராஷ்டிர சமிதியும் வேறு கோரிக்கையோடு பக்கத்தில். மார்ச் 14 அன்று, அந்தக் கூச்சலிலேயே, 24 லட்சம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவைக் கொண்ட பட்ஜெட்டின் மானியக் கோரிக்கைகளும் (ஒவ்வொரு துறையின் செலவுக்கும் சபையின் அனுமதி கேட்பவை) நிதி மசோதாவும் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் விவாதமின்றி நிறைவேறின. பேசப்படாத கோரிக்கைகளை மொத்தமாக வாக்கெடுப்புக்கு விடும் இந்த முறைக்கு கில்லட்டின் என்று பெயர். வழக்கமாக ஒரு சில துறைகளையாவது விவாதித்த பிறகு மிச்சத்துக்கு அதைப் போடுவார்கள். இரண்டு நாள் கழித்து தெலுங்கு தேசமும் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸும் நம்பிக்கையில்லாத் தீர்மான நோட்டீஸ் கொடுத்தன. அதை ஏற்க 50 பேர் எழுந்து நிற்க வேண்டும், சபாநாயகர் எண்ண வேண்டும். சபையில் ஒழுங்கு இல்லை, அதனால் எண்ண முடியவில்லை என்றார் அப்போதைய சபாநாயகர் சுமித்ரா மகாஜன். நோட்டீஸ் தினமும் வந்தது, அதே பதில் தினமும் வந்தது, ஏப்ரல் 6ஆம் தேதி கூட்டத்தொடர் முடிந்தது. ஜூலையில்தான் தீர்மானம் ஏற்கப்பட்டு 325க்கு 126 என்ற கணக்கில் தோற்றது. அரசுக்கு ஆபத்தே இல்லாத தீர்மானம். ஆனாலும் நான்கு மாதம் தள்ளிப்போட அமளி போதுமானதாக இருந்தது. நாட்டின் பட்ஜெட்டை நிறுத்த மட்டும் அது போதவில்லை. காவிரிக்காகக் குரல் கொடுத்தவர்களின் கோரிக்கையில் குறை சொல்ல நான் வரவில்லை. அந்தக் குரல் யாருக்குக் கேடயமாக வேலை செய்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

இதற்கு நேர் எதிரான காட்சியும் உண்டு. அரசியல் சாசனத் திருத்த மசோதாவுக்குக் குரல் வாக்கெடுப்பு எடுபடாது. 368ஆவது பிரிவின்படி மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும், வந்திருந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். எண்ணியே ஆக வேண்டும். 2021 மழைக்காலக் கூட்டத்தொடர் பெகாசஸ் உளவு விவகாரத்தில் தினமும் முடங்கியது. சாதாரண மசோதாக்கள் சத்தத்தில் நிமிடக் கணக்கில் நிறைவேறிக்கொண்டிருந்தன. அந்தக் கூட்டத்தொடரின் கடைசி இரண்டு நாளில், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலைத் தயாரிக்கும் மாநிலங்களின் உரிமையை மீட்டுத் தரும் 105ஆவது திருத்தம் வந்தது. அன்று மட்டும் எதிர்க்கட்சியினர் இருக்கைக்குத் திரும்பினார்கள். முழு விவாதம் நடந்தது. மக்களவையில் 385 பேர் ஆதரவு, எதிர்ப்பு பூஜ்யம். மறுநாள் மாநிலங்களவையில் 187, பூஜ்யம். அதே ஆட்கள், அதே வாரம். ஒழுங்கு வேண்டும் என்று இரண்டு தரப்பும் நினைத்தால் வந்துவிடுகிறது.

அமளிக்கு அடுத்த படி சஸ்பென்ஷன். மக்களவையில் விதி 374, 374ஏ. இதில் 374ஏ 2001இல் சேர்க்கப்பட்டது. சபாநாயகர் பெயர் சொன்னாலே தொடர்ந்து ஐந்து அமர்வுகள் அல்லது கூட்டத்தொடரின் மிச்ச நாட்கள், இதில் எது குறைவோ அதுவரை உறுப்பினர் வெளியே. மாநிலங்களவையில் விதி 256. முன்பெல்லாம் அரிதாக எடுத்த ஆயுதம். 1989 மார்ச்சில் இந்திரா காந்தி கொலை பற்றிய தக்கர் கமிஷன் அறிக்கைக்காக நடந்த ரகளையில் ஒரே நாளில் 63 பேரை வெளியேற்றியது பெரிய அதிர்ச்சியாக இருந்தது. 2023 டிசம்பரில் ஒரே கூட்டத்தொடரில் சஸ்பெண்ட் ஆனவர்கள் 146 பேர், மக்களவையில் 100, மாநிலங்களவையில் 46. டிசம்பர் 13 அன்று பார்வையாளர் மாடத்திலிருந்து இருவர் சபைக்குள் குதித்தது பற்றி உள்துறை அமைச்சர் விளக்கம் தர வேண்டும் என்று கேட்டவர்கள் அவர்கள். அவசரம் எந்த அளவுக்கு இருந்தது என்றால், அப்போதைய சேலம் எம்.பி. எஸ்.ஆர். பார்த்திபன் சஸ்பெண்ட் செய்த அன்று சபைக்கே வராதவர், அவர் பெயரும் முதல் பட்டியலில் இருந்தது. பிறகு ஆள் மாறிவிட்டது என்று சொல்லி நீக்கினார்கள்.

அந்த வாரம்தான் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா உள்ளிட்ட மூன்று குற்றவியல் மசோதாக்கள் 20ஆம் தேதி மக்களவையிலும் 21ஆம் தேதி மாநிலங்களவையிலும் நிறைவேறின. நியாயமாகச் சொல்வதானால், அவை எம்.பி.க்களைக் கொண்ட நிலைக்குழுவுக்குப் போய், அறிக்கை வந்து, திருத்தி எழுதப்பட்ட மசோதாக்கள். யாரும் பார்க்காமல் நுழைந்தவை என்று சொல்ல முடியாது. ஆனால் சபை விவாதம் வேறு ஒரு வேலையைச் செய்கிறது. விபத்து நடந்து தகவல் சொல்லாமல் தப்பி ஓடும் ஓட்டுநருக்குப் பத்து ஆண்டு வரை சிறை என்ற 106(2) பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்புதல் கிடைத்த ஒரு வாரத்தில், 2024 புத்தாண்டில், லாரி ஓட்டுநர்கள் பல மாநிலங்களில் ஸ்டிரைக்கில் இறங்கினார்கள். நின்று தகவல் சொன்னால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும், ஓடினால் பத்து வருடமா என்பது அவர்கள் கேள்வி. அரசு பேச்சுவார்த்தை நடத்தி, கலந்தாலோசித்த பிறகே அமல்படுத்துவோம் என்றது. 2024 ஜூலை 1 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த ஒரு உட்பிரிவை மட்டும் விட்டுவிட்டார்கள். எதிர்க்கட்சி வரிசைகள் நிரம்பியிருந்தால் இந்தக் கேள்வி சபையிலேயே எழுந்திருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். எழுவதற்கான வாய்ப்பு இருந்தது.

நிலைக்குழு என்றதும் ஒன்று. துறைவாரி நிலைக்குழுக்கள் 1993இல் வந்தவை. கேமரா இல்லாத அறையில் கட்சி பேதம் கொஞ்சம் தளர்ந்து, பிரிவு பிரிவாகப் படிக்கும் இடம். நாடாளுமன்றப் பணிகளை ஆராயும் பி.ஆர்.எஸ். லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் அமைப்பின் கணக்குப்படி 15ஆவது மக்களவைக் காலத்தில் 71 சதவீத மசோதாக்கள் குழுவுக்குப் போயின. 17ஆவது மக்களவையில் 16 சதவீதம். சபையில் அமளி, குழுவிலும் பரிசீலனை இல்லை என்றால் அந்த மசோதாவை எழுதிய அதிகாரிகளைத் தவிர வேறு யாரும் வரி வரியாகப் படித்திருக்க மாட்டார்கள். அமளியைவிட எனக்குக் கவலை தருவது இதுதான். இதற்கு எந்த எதிர்க்கட்சியையும் குறை சொல்ல முடியாது. குழுவுக்கு அனுப்புவதும் அனுப்பாததும் நடைமுறையில் அரசின் விருப்பம்.

சரி, பிறகு ஏன் கத்துகிறார்கள்? கத்தாமல் இருந்தால் என்ன கிடைக்கும் என்று பார்க்க வேண்டும். பிரிட்டனில் ஒரு கூட்டத்தொடரில் 20 நாட்கள் எதிர்க்கட்சி நிர்ணயிக்கும் பொருளில் விவாதம் நடக்கும். இங்கே நிகழ்ச்சி நிரல் ஏறக்குறைய முழுவதும் அரசின் கையில். அமைச்சர் அல்லாத தனி உறுப்பினர்களுக்கு வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணி நேரம். அன்றாட அலுவலை ஒதுக்கிவிட்டு அவசர விஷயத்தைப் பேச மாநிலங்களவையில் விதி 267 இருக்கிறது. 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம் பற்றிப் பேச அந்த வழி திறந்தது. அதற்குப் பின் பல ஆண்டுகளாக வரிசையாக நிராகரிப்புதான். 2023இல் மணிப்பூர் பற்றிப் பிரதமர் சபையில் பேச வேண்டும் என்பதற்காக, தோற்பது உறுதி என்று தெரிந்தே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். ஜூலை 26 அன்று ஏற்கப்பட்ட தீர்மானத்துக்கு விவாதம் ஆகஸ்ட் 8ஆம் தேதிதான் தொடங்கியது. அந்த இடைவெளியில் மசோதாக்கள் நிற்கவில்லை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா மக்களவையில் நிறைவேறியது ஆகஸ்ட் 7 அன்று. கேள்விக்குப் பதில் வராது, விவாதத்துக்கு அனுமதி இல்லை, எண்ணிக்கையும் இல்லை என்றால் மிச்சம் இருப்பது மாலைச் செய்தியில் ஒரு காட்சி. அதற்காகத்தான் கத்துகிறார்கள்.

இதில் எந்தக் கட்சிக்கும் நிரந்தர நிலைப்பாடு கிடையாது. 2010 குளிர்காலக் கூட்டத்தொடர் 2ஜி அலைக்கற்றை விவகாரத்தில் நாடாளுமன்றக் கூட்டுக்குழு விசாரணை கேட்டு ஏறக்குறைய முழுவதுமாக வீணானது. 2012இல் நிலக்கரி விவகாரத்தில் சபை முடங்கியபோது, சபையை நடத்தவிடாமல் செய்வதும் ஜனநாயகத்தின் ஒரு வடிவமே என்ற பொருளில் பேசியவர் அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் சுஷ்மா சுவராஜ். அன்று அதைக் கண்டித்த காங்கிரஸ் இன்று அதே வாதத்தைச் சொல்கிறது, அன்று சொன்ன பா.ஜ.க. இன்று கண்டிக்கிறது. ஒரு வித்தியாசம் மட்டும் என் கண்ணுக்குப் படுகிறது. 2010லும் 2012லும் அமளி வந்தால் பெரும்பாலும் சபை ஒத்திவைக்கப்பட்டது, மசோதாக்களும் கூடவே நின்றன. சத்தத்துக்கு நடுவிலேயே அரசு அலுவலை முடித்துக்கொள்வது அப்போதும் உண்டு, ஆனால் அது வழக்கமாக மாறியது பின்னால்தான். அமளி செய்வதன் விலை அதனால் கூடிவிட்டது. எதிர்க்கட்சிகள் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை. திருத்தம் கொடுத்த உறுப்பினராவது அந்தப் பிரிவு வரும் இரண்டு நிமிடம் தன் இருக்கையில் இருக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டிருப்பேன். கட்சி முடிவு சார் என்பார்கள்.

குரல் வாக்கெடுப்பே சூழ்ச்சி என்ற முடிவுக்கும் வந்துவிட வேண்டாம். 2015 ஏப்ரல் 24 அன்று திருநர் உரிமைகளுக்கான தனிநபர் மசோதா ஒன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. கொண்டுவந்தவர் இதே திருச்சி சிவா. 1970க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் சட்டமானதில்லை என்ற நிலையில் அது பெரிய விஷயம். அதுவும் குரல் வாக்கெடுப்புதான். எதிர்க்க யாரும் இல்லாதபோது அது நேரத்தை மிச்சப்படுத்தும் நல்ல வழி. அந்த மசோதா மக்களவையைத் தாண்டவில்லை என்பதும், 2019இல் அரசு தன் சொந்த மசோதாவைச் சட்டமாக்கியது என்பதும் வேறு கதை.

குரல் வாக்கெடுப்பின் உண்மையான குறை, பெயர் பதிவாகாது என்பது. ஒரு சட்டத்தை உங்கள் தொகுதி எம்.பி. ஆதரித்தாரா எதிர்த்தாரா என்று தேடினால், டிவிஷன் நடந்திருந்தால்தான் கிடைக்கும். கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த 1985 முதல் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகும் என்பதால், பெரும்பாலும் கட்சி என்ன சொன்னதோ அதுதான் உறுப்பினரின் வாக்கு, அதைப் பதிவு செய்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்த வாதம் பாதிதான் செல்லும். வெளியே எதிர்த்துப் பேசிவிட்டு உள்ளே வராமல் இருந்தவர்கள் யார் என்பதாவது தெரியும்.

ஏதாவது ஒரு சட்டம் எப்படி நிறைவேறியது என்று நீங்களே பார்க்க நினைத்தால், இரண்டு சபைகளின் விவாதப் பதிவும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தேதியைத் தெரிந்துகொண்டு அந்த நாளின் பதிவை எடுங்கள். மசோதா பரிசீலனைக்கு வந்த நேரமும் நிறைவேறிய நேரமும் ஓரத்தில் இருக்கும். திருத்தப் பட்டியலில் எத்தனை 'கொண்டுவரப்படவில்லை' என்று எண்ணுங்கள். நிலைக்குழு அறிக்கை இருக்கிறதா என்று தனியாகத் தேடுங்கள். கடைசியில் டிவிஷன் இருந்தால் பெயர்ப் பட்டியல் இருக்கும். இல்லாவிட்டால் தீர்மானம் ஏற்கப்பட்டது என்ற ஒற்றை வரி இருக்கும்.